கூட்டுத்தொகையைக் கொண்டு மாணவருக்குப் பெயர் சூட்டாதீர்கள்: கல்லூரி உளவள ஆலோசனை மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரி உளவள ஆலோசனை மையங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றுக்கு வழிகாட்டும் உளவியல் துறைப் பேராசிரியர்களுக்கும், வணக்கம்.

நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் வழங்கியது. மருத்துவ உளவியலாளராகப் பதினாறு ஆண்டுகளாக இளைஞர்களோடு பணியாற்றிவரும் எனக்கு அது நிறைவளித்த செய்தி. ஆனால் மையம் திறந்தவுடன் மாணவர்கள் அனைவரையும் அரங்கில் உட்காரவைத்து, பிறரோடு பழகும் முறையைப் பற்றிய வினாப்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, கிடைக்கும் மதிப்பெண்ணை வைத்து இவருக்கு ஆளுமைக் கோளாற்றின் (தன்னையும் பிறரையும் நோக்கும் விதமே நெடுங்காலம் திரிந்து வாழ்வைக் குலைக்கும் நிலையின்) கூறுகள் உள்ளன, இவருக்கு இல்லை என்று பிரித்து எழுதும் வழக்கமும் சில இடங்களில் தொடங்கியிருப்பதை அறிகிறேன். அந்த வழக்கத்தைப் பற்றித்தான் இம்மடல்.

சில மாதங்களுக்கு முன் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் தந்தையோடு என்னிடம் வந்தார். நான்காக மடித்த ஒரு தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அடிக்கடி பிரித்துப் பார்த்ததால் மடிப்புகள் நைந்திருந்தன. வினாப்பட்டியலின் பெயர், அவருடைய பதிவெண், மொத்த மதிப்பெண், அதன் கீழே "ஆளுமைக் கோளாறுக் கூறுகள் - உயர்நிலை, பார்டர்லைன் வகை" என்ற வரி, அந்த வரியின் அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு. இவ்வளவுதான் அத்தாளில் இருந்தது. பார்டர்லைன் என்பது உணர்ச்சிகளும் உறவுகளும் நிலைகொள்ளாமல் அலைவுறும் கோளாறு. அதைக் கொடுத்தவர் அந்த மாணவியோடு ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. தந்தை என்னிடம் தணிந்த குரலில், "டாக்டரம்மா, எழுத்துலயே குடுத்துட்டாங்களே, இனி இதை மாத்த முடியாதுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான விடையைத்தான் உங்கள் முன் விரிவாக வைக்க விரும்புகிறேன்.

இந்த வினாப்பட்டியல்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. நானே நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆளுமை என்பது ஒருவரின் தலைக்குள் அடைபட்டுக் கிடப்பதன்று, மனிதர்களுக்கு இடையே நிகழ்வது என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரி ஸ்டாக் சலிவனின் எண்ணமே இவற்றின் வேர். கலிபோர்னியாவின் ஓக்லண்டில் கைசர் மருத்துவ அறக்கட்டளையில் பணியாற்றிய உளவியலாளர் குழு, மனிதர் பழகும் முறைகள் அனைத்தையும் ஒரு வட்டத்தில் அமைத்துக் காட்டலாம் என்று கண்டது. அக்குழுவைச் சேர்ந்த திமோத்தி லியரி அதனை 1957இல் நூலாக்கினார். செங்குத்து அச்சின் மேல்முனையில் ஆதிக்கம், கீழ்முனையில் பணிவு. கிடை அச்சின் ஒரு முனையில் ஒட்டாமை, மறுமுனையில் நெருக்கம். உளவியலாளர் லெனார்டு ஹோரோவிட்ஸ் 1988இல் வெளியிட்ட 127 கூற்றுகள் கொண்ட பட்டியல், உளச்சிகிச்சைக்கு வந்தவர்கள் முதல் சந்திப்பில் தம் வாயால் சொன்ன குறைகளிலிருந்து திரட்டப்பட்டது. சில செயல்கள் எனக்குக் கடினமாக இருக்கின்றன, சிலவற்றை நான் அளவுக்கு மீறிச் செய்கிறேன் என்ற இரண்டே வடிவங்களில் அதன் கூற்றுகள் அமைந்தன. அவற்றிலிருந்து 64 கூற்றுகளைத் தேர்ந்து, வட்டத்தின் எட்டுக் கூறுகளுக்கும் எட்டெட்டாகப் பிரித்து 1990இல் ஆல்டன், விக்கின்ஸ், பின்கஸ் மூவரும் அமைத்த வடிவமே இன்று பெரிதும் வழங்குகிறது. அடக்கியாளுதல், பழிவாங்கும் மனம், ஒட்டாமை, ஒதுங்குதல், தன் கருத்தை நிலைநாட்ட இயலாமை, பிறருடைய சுரண்டலுக்கு இடங்கொடுத்தல், அளவுமீறிய அரவணைப்பு, பிறர் விஷயத்தில் தலையீடு என வட்டத்தைச் சுற்றி வரும் அந்த எட்டையும் நீங்கள் அறிவீர்கள்.

கருவி வட்டமாக அமைக்கப்பட்டிருக்க, அதன் விடையை ஒற்றை எண்ணாகச் சுருக்கிவிடுகிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு கூற்றுக்கும் சுழியம் முதல் நான்கு வரை மதிப்பெண். ஆகவே ஒரு கூறுக்கு அதிகம் போனால் 32. மூன்று மாணவர்கள் விடையளித்ததாக வைத்துக்கொள்வோம். நான் மேலே சொன்ன வரிசையில் முதலாமவரின் மதிப்பெண்கள் 4, 8, 17, 23, 20, 12, 7, 5. இரண்டாமவருடையவை 22, 20, 14, 6, 3, 5, 9, 17. மூன்றாமவருடையவை 12, 13, 11, 12, 12, 11, 12, 13. மூவருக்கும் கூட்டுத்தொகை 96 தான். முதலாமவர் கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கி, கேள்வி கேட்கவும் வாய் வராமல் நிற்பவர். இரண்டாமவர் எவரையும் எளிதில் நம்பாமல் முந்திக்கொண்டு மோதுபவர். மூன்றாமவருக்கு எந்தப் பக்கமும் சாய்வே இல்லை. எல்லாமே சற்று வலிக்கிறது, அவ்வளவுதான். கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இம்மூவரும் ஒருவரே.

இதை நன்கு உணர்ந்துதான் இத்துறையினர் எட்டு மதிப்பெண்களையும் மூன்று செய்திகளாகப் பிரித்துப் படிக்கிறார்கள். எட்டின் சராசரி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது முதலாவது. அது ஒருவர் பிறரோடு பழகுவதில் படும் பொதுவான வருத்தத்தின் அளவு. வட்டத்தின் எந்தத் திசையில் சாய்வு இருக்கிறது என்பது இரண்டாவது. அந்தச் சாய்வு எவ்வளவு கூர்மையானது என்பது மூன்றாவது. ஆளுமைக் கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய உதவுபவை பின்னிரண்டும்தான். உயரமோ, தேர்வுக் காலத்திலும், காதல் முறிந்த வாரத்திலும், வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கும்போதும் எவருக்கும் ஏறும்.

ஆளுமைக் கோளாறுகளில் பிறரோடு பழகும் முறை எவ்வாறு திரிகிறது என்று வில்சன், ஸ்ட்ரவுட், டர்பின் ஆகியோர் 127 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வை இங்கே நினைவூட்ட வேண்டும். பெரும்பாலான கோளாறுகளுக்கு வட்டத்தில் ஓர் இடம் உண்டு என்று அது காட்டியது. தற்காதலும் சமூக விரோதப் போக்கும் ஆதிக்கமும் ஒட்டாமையும் சேரும் பக்கத்திலும், ஒதுங்கும் வகை ஒட்டாமையும் பணிவும் சேரும் பக்கத்திலும், சார்ந்திருக்கும் வகை பணிவும் நெருக்கமும் சேரும் பக்கத்திலும் விழுகின்றன. பார்டர்லைன் எனப்படும் எல்லைநிலைக் கோளாற்றுக்கு அப்படித் தனக்கென்று ஓரிடம் இல்லை. வட்டம் முழுவதும் வருத்தம் உயர்ந்திருப்பதே அதன் அடையாளம். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு தரும் ஒன்பது அளவுகோல்களில் ஏதேனும் ஐந்து இருந்தால் போதும் என்பதால், ஒரே பெயருக்குள் 256 வகைச் சேர்க்கைகள் அடங்கிவிடுகின்றன. அதிலும், காலையில் ஒருவரை உயிராக நேசித்து மாலையில் வெறுப்பவரை வட்டத்தின் எந்தப் புள்ளியில் நிறுத்துவது?

இதன் பொருள் என்னவென்று நிதானமாக எண்ணிப்பாருங்கள். எட்டும் உயர்ந்து நிற்கும் தாள் எல்லைநிலைக் கோளாற்றைக் காட்டலாம், மனச்சோர்வைக் காட்டலாம், விடுதியில் அறைத்தோழியோடு பேச்சற்றுப்போன ஒரு மாதத்தையும் காட்டலாம். எந்தப் பெயரைச் சூட்டுவதற்கு இக்கருவிக்கு வலு மிகக் குறைவோ, அந்தப் பெயரையே கூட்டுத்தொகையைப் பார்த்து மிக எளிதாகச் சூட்டிவிடுகிறோம்.

இந்த வட்டப் பட்டியலிலிருந்தே ஆளுமைக் கோளாறு உள்ளவரை இல்லாதவரிடமிருந்து பிரிக்கத் தனி அளவைகளைப் பில்கோனிசும் உடன் பணியாற்றியவர்களும் 1996இல் உருவாக்கினார்களே என்று பேராசிரியர்கள் சிலர் கேட்கக்கூடும். உருவாக்கினார்கள், பயனுள்ள அளவைகள்தாம். ஆனால் சிகிச்சை தேடி வந்தவர்களைக் கொண்டு வகுத்த ஓர் எல்லைக்கோடு, அரங்கில் அமர்ந்திருக்கும் ஆயிரம் மாணவர்களிடையே அதே பொருளைத் தராது. கணக்கிட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக, ஆயிரம் பேரில் இருபது பேருக்கு உண்மையிலேயே கோளாறு இருக்கிறது என்றும், கருவி அவர்களில் நூற்றுக்கு எண்பது பேரைப் பிடிக்கும் என்றும், கோளாறு இல்லாதவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேரைச் சரியாக விட்டுவிடும் என்றும் கொள்வோம். இருபதில் பதினாறு பேர் அகப்படுவார்கள். மீதமுள்ள 980 பேரில் 147 பேரும் அகப்படுவார்கள். ஆக, சிவப்புக் கோடு விழும் 163 பேரில் உண்மையில் கோளாறு உள்ளவர் ஏறக்குறைய பத்தில் ஒருவரே. மற்ற ஒன்பது பேரும் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அலைவார்கள்.

வயதையும் சேர்த்து எண்ண வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயது என்பது ஆளுமை இன்னும் இறுகாத பருவம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களைத் தேர்ந்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த மார்க் லென்சன்வெகரின் ஆய்வு, ஆளுமைக் கோளாற்றுக் கூறுகள் காலப்போக்கில் பொதுவாகக் குறைந்துவருவதைக் கண்டது. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ள உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடும், ஈராண்டுக்குக் குறையாமல் நீடிக்கும் சிக்கலையே ஆளுமைக் கோளாறு என்கிறது. எந்த வகை என்று கேட்பதற்கு முன் எவ்வளவு கடுமை என்று கேட்கச் சொல்கிறது. ஒரு பிற்பகலில் நிரப்பிய தாளில் ஈராண்டுகளை எப்படிக் காண்பது?

இனி, தமிழில் இவை எப்படி ஒலிக்கின்றன என்பதற்கு வருகிறேன். பல மையங்களில் ஆங்கிலக் கூற்றுகளை ஓர் ஆசிரியர் ஓரிரவில் தமிழாக்கிப் படியெடுத்துக் கொடுத்துவிடுகிறார். மற்றவர்களிடம் மறுத்துப் பேசுவது எனக்குக் கடினம் என்ற பொருளில் ஒரு கூற்று வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் "மற்றவர்கள்" என்றதும் ஒரு மாணவியின் மனத்தில் எழுவது யார்? நான் கேட்டுப் பார்த்த அளவில், பெரும்பாலோர் வீட்டுக்கு வெளியில் இருப்பவர்களையே எண்ணிக்கொள்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் பெரியப்பாவும் அண்ணனும் "மற்றவர்கள்" அல்லர், அவர்கள் "நம்மவர்கள்". தோழியிடம் வெடுக்கென்று மறுக்கும் ஒரு பெண், திருமணப் பேச்சில் பெரியப்பாவிடம் ஒரு சொல் எதிர்த்துப் பேச முடியாமல் மூன்று மாதம் உறக்கமின்றித் தவித்தவர், இந்தக் கூற்றுக்குச் சுழியம் போட்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் அவரிடம் போய்ச் சேரவில்லை.

மறுபுறம், குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வந்து, ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் வாய் திறந்தால் சிரிப்பார்களோ என்று அஞ்சி, கடைசி இருக்கையில் உட்காரும் இளைஞர், கருத்தை நிலைநாட்ட இயலாமையிலும் ஒதுங்குதலிலும் உயர்ந்த மதிப்பெண் பெறுவார். அது அவருடைய ஆளுமையின் கூறா, அந்த வகுப்பறையின் கூறா? ஊரில் நண்பர்களிடையே அவர்தான் கபடி அணியின் தலைவர் என்பதைத் தாள் கேட்கவில்லை. பெரியவர்களுக்கு அடங்கி நடப்பதும், பிறர் பசியறிந்து தான் உண்ணாமல் பரிமாறுவதும் வளர்ப்பிலேயே ஊறியிருக்கும் வீடுகளில், அளவுமீறிய அரவணைப்பு எங்கே தொடங்குகிறது என்பதை வேறொரு நாட்டு மாணவர்களின் சராசரியைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. தமிழாக்கத்தை மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிட்டு, நம் மாணவர்களோடு கூற்றுக்குக் கூற்று பேசிச் சரிபார்த்து, எட்டுக் கூறுகளும் இங்கேயும் வட்டமாகத்தான் அமைகின்றனவா என்று சோதித்த பிறகே அந்தப் பட்டியலைக் கருவி என்று சொல்லலாம். முனைவர் பட்ட ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் உங்கள் துறைகளிலேயே இருக்கிறார்கள். இதைவிடப் பயனுள்ள பணி அவர்களுக்கு வேறென்ன இருக்கிறது?

தன்னைப் பற்றித் தானே எழுதும் விடைக்கு இன்னொரு எல்லையும் உண்டு. வருந்துபவர் தம் வருத்தத்தை எழுதிவிடுவார்; பிறரை வருத்துபவர் பெரும்பாலும் எழுதமாட்டார், ஏனெனில் அவர் கண்ணுக்குக் குற்றம் எதிராளியிடமே இருக்கிறது. தாமஸ் ஓல்ட்மன்சும் எரிக் டர்க்ஹைமரும் டெக்சாசின் லாக்லண்ட் விமானப்படைத் தளத்தில், ஆறு வாரம் ஒரே கூடத்தில் தங்கிப் பயிற்சி பெற்ற இளம் வீரர்களைக் கொண்டு இதைச் சோதித்தனர். ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிச் சொன்னதும், உடனிருந்தவர்கள் அவரைப் பற்றிச் சொன்னதும் ஓரளவுக்கே ஒத்துப்போயின. யார் பணியிலிருந்து முன்கூட்டியே விலக நேரும் என்பதைக் கணிக்க, தோழர்களின் சொல் தற்சொல்லுக்கு மேல் புதிதாக ஒன்றைச் சேர்த்தது. வகுப்புத் தோழர்களை ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. நம் விடுதிகளில் அது கொடுமையில் முடியும். மாணவர் தாமே நம்பிக் கைகாட்டும் ஒருவரிடம், அவருடைய இசைவோடு, ஆலோசகர் அரைமணி நேரம் பேசினாலே தாளில் இல்லாத பாதி தெரிந்துவிடும்.

இவ்வளவும் சொல்வதால், இருபத்தைந்து வயதுவரை ஆளுமைக் கோளாறு என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். அந்த மௌனமும் தீங்குதான். கையை அறுத்துக்கொண்டு மூன்று மருத்துவமனைகள் ஏறி இறங்கிய ஓர் இளைஞருக்குத் தம் துன்பத்துக்கு ஒரு பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு என்று அறிவதே முதல் ஆறுதலாக இருந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மேரி சனாரினியும் அவர் குழுவினரும் பாஸ்டன் அருகே உள்ள மெக்லீன் மருத்துவமனையில் எல்லைநிலைக் கோளாறு உள்ள 290 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, பத்தாண்டுகளுக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேருக்கு நோய்க்குறிகள் குறைந்தபட்சம் ஈராண்டு தணிந்திருந்தன. அந்தத் தந்தைக்கு நான் சொன்ன முதல் செய்தி இதுதான்: ஒருவேளை அது உண்மையாகவே இருந்தாலும், மாற முடியாத ஒன்றன்று.

மெல்போர்னில் ஆண்ட்ரூ சானன் குழுவினர் 15 முதல் 25 வயதுவரையுள்ளவர்களுக்கென்றே நடத்தும் சிகிச்சைப் பிரிவு உங்களுக்கு நல்லதொரு முன்மாதிரி. எல்லைநிலைக் கோளாறு கண்டறியப்பட்ட 139 இளைஞர்களைக் கொண்டு அவர்கள் நடத்திய சோதனையின் முடிவுகள் 2022இல் வெளியாயின. மூன்று பிரிவினரில் ஒரு பிரிவினர் மட்டுமே தனிச்சிறப்பான உளச்சிகிச்சை பெற்றனர்; ஆயினும் மூன்று பிரிவினரும் ஓராண்டில் ஏறத்தாழ ஒத்த அளவில் முன்னேறினர். நம்மைப் போல் சிறப்புச் சிகிச்சையாளர்கள் அரிதாயுள்ள இடத்துக்கு எவ்வளவு நம்பிக்கையூட்டும் செய்தி இது! அந்த முன்னேற்றத்தை அளந்த முதன்மைக் கருவிகளுள் ஒன்று, நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே 64 கூற்றுப் பட்டியல். அவர்கள் கோளாற்றை நேர்காணலால் கண்டறிந்தார்கள். பட்டியலை, இந்த இளைஞரின் உறவுகள் முன்னைவிட நன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கப் பயன்படுத்தினார்கள்.

நானும் அந்த மாணவிக்கு அப்படித்தான் பயன்படுத்தினேன். முதல் சந்திப்பில், மையம் எடுத்த அதே வினாப்பட்டியலின் விடைத்தாளை வாங்கி எட்டாகப் பிரித்துப் பார்த்தேன். எல்லாமே உயர்ந்திருந்தன, ஆனால் ஒவ்வொன்றிலிருந்தும் அவருடைய சராசரியைக் கழித்ததும், சுரண்டலுக்கு இடங்கொடுக்கும் பக்கமாக ஒரு சாய்வு தெளிவாகத் தெரிந்தது. பேசியபோது, அந்தப் பருவத்தில் அவருடைய தாய்க்கு அறுவை சிகிச்சை நடந்ததும், அறைத்தோழிக்காகக் கடன் வாங்கிக் கொடுத்த பணம் திரும்பாததும், அதைக் கேட்கப்போய் விடுதியே தம்மோடு பேசாமல் போனதும் வெளிவந்தன. நான்கு மாதம் கழித்து மீண்டும் அதே பட்டியலை நிரப்பினார். கூட்டுத்தொகை பாதியாகக் குறைந்திருந்தது. சாய்வு மட்டும் அதே திசையில் அப்படியே இருந்தது. இப்போது நாங்கள் பேசிக்கொண்டிருப்பது அந்தச் சாய்வைப் பற்றித்தான். அது கோளாறு அன்று, ஆனால் அவருக்கு அதனால் வாழ்க்கையில் இழப்பு உண்டு.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. இந்தப் பட்டியலை அரங்கில் அனைவருக்கும் வடிகட்டியாகக் கொடுப்பதை நிறுத்துங்கள். உதவி தேடி வருபவருக்கு, அவரோடு பேசிய பிறகு கொடுங்கள். கூட்டுத்தொகையை எந்தத் தாளிலும் தனியாக எழுதாதீர்கள். எட்டு மதிப்பெண்களையும் வட்டமாக வரைந்து, மாணவரோடு சேர்ந்து அமர்ந்து படியுங்கள். சில மாதங்கள் இடைவெளிவிட்டு மீண்டும் எடுத்துப் பார்க்காமல் ஆளுமை என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். நோயறிதல் தேவைப்படும் என்று தோன்றினால், முறையான நேர்காணல் நடத்தத் தகுதிபெற்ற மருத்துவ உளவியலாளரிடமோ மனநல மருத்துவரிடமோ அனுப்புங்கள். விடைத்தாள் துறைத் தலைவரின் அலமாரியிலோ விடுதிக் காப்பாளரின் கோப்பிலோ இருக்கக் கூடாது.

சட்டமும் இதையே சொல்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் மூன்றாம் பிரிவு, ஏற்கப்பட்ட மருத்துவத் தரங்களின்படியே மனநோயைத் தீர்மானிக்க வேண்டும் என்கிறது; ஒருவர் தம் சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு மதிப்பீடுகளுக்கு இணங்கவில்லை என்பதை வைத்து அதைத் தீர்மானிக்கக் கூடாது என்றும் வெளிப்படையாகத் தடுக்கிறது. வீட்டார் விரும்பாத ஒருவரை நேசிக்கும் பெண்ணைக் "கட்டுக்கடங்காத ஆளுமை" என்று எழுதித் தரும்படி பெற்றோர் கேட்டால், மறுப்பதற்கு உங்களுக்கு இந்தப் பிரிவு துணைநிற்கும். இருபத்து மூன்றாம் பிரிவு மனநலம் பற்றிய தகவல்களின் மறைகாப்பை உரிமையாக்கியிருக்கிறது.

அந்த நான்காக மடித்த தாள், மாணவியின் விருப்பப்படி இப்போது என் கோப்பில் இருக்கிறது. அதன் படி ஒன்று அவருடைய கல்லூரியிலும் இருக்கிறது. அதை நீக்கித் தருமாறு அவர் தம் கையால் எழுதிய விண்ணப்பம் மூன்று வாரங்களாக விடையின்றிக் கிடக்கிறது. இம்மடலைப் படிக்கும் பொறுப்பாளர்கள் தங்கள் அலமாரியில் அப்படிப்பட்ட தாள்கள் எத்தனை உள்ளன என்று இந்த வாரமே எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும், அவற்றை உரிய மாணவர்களை அழைத்து அவர்கள் கையிலேயே ஒப்படைத்து, அரைமணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றும் வேண்டுகிறேன்.

மிக்க மரியாதையுடன்,
இளைஞர்களோடு பணியாற்றும் ஒரு மருத்துவ உளவியலாளர்